வானொலியில் மூன்று குரல்கள்: நான் ரூஸ்வெல்ட்டைத் தேர்ந்த காரணம்

நெருக்கடிக் காலத்தில் ஒரு நாட்டுத் தலைவர் வானொலியில் ஆற்றிய உரையை ஒலிக்கவிட்டு, அதைத் தமிழில் விளக்கிப் பேசும் பொறுப்பு, ஏற்காட்டில் நடக்கும் எங்கள் வாசகர் வட்டத்தின் சென்ற மாதக் கூட்டத்தில் என்னிடம் வந்தது. பிரிட்டன் பிரதமர் சர்ச்சில், நேரு, அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் மூவரின் பதிவுகளையும் பலமுறை கேட்டபின் ரூஸ்வெல்ட்டையே எடுத்துக்கொண்டேன்.

சர்ச்சிலின் சொல்வன்மை எல்லோரும் அறிந்தது. ஆனால் கடற்கரைகளில் போரிடுவோம் என்ற 1940 ஜூன் 4ஆம் நாள் உரையை அவர் நாடாளுமன்றத்தில்தான் ஆற்றினார். அன்றிரவு பிபிசியில் அதன் பகுதிகளைப் படித்தவர் செய்தி வாசிப்பாளர். இன்று நாம் கேட்கும் சர்ச்சிலின் குரற்பதிவு 1949இல் எடுக்கப்பட்டது. ஜூன் 18ஆம் நாள் உரையை அவரே வானொலியிலும் வாசித்தார் என்றாலும், அதுவும் முதலில் அவைக்காக எழுதப்பட்டதே. ஜெர்மனியின் படையெடுப்பை எதிர்நோக்கிக் காத்திருந்தவர்களுக்கு அந்த முழக்கம் எத்தகைய துணிவைத் தந்திருக்கும் என்பதைப் போரைக் காணாத நான் அளந்து சொல்வது முறையாகாது.

என் முடிவைத் தீர்மானித்தது ஒரே கேள்விதான்: கேட்டவர் மறுநாள் காலையில் என்ன செய்ய வேண்டும் என்பதை அந்த உரை சொன்னதா?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு சீட்டுக் கம்பெனி கதவடைத்தபோது என் தாயாருடன் அதன் வாசலில் மூன்று நாள் நின்றிருக்கிறேன். பணம் போய்விடுமோ என்ற அச்சத்தைவிட, எப்போது திறப்பார்கள், யாரைக் கேட்பது என்று சொல்ல ஒருவரும் வராததுதான் அங்கிருந்தவர்களை வதைத்தது. அந்த வெற்றிடத்தை வதந்திகளே நிரப்பின.

1933 மார்ச் 4ஆம் நாள் பதவியேற்ற ரூஸ்வெல்ட்டின் முன்னாலும் பணத்தைத் திரும்பக் கேட்டு வங்கி வாசல்களில் இத்தகைய வரிசைகளே நின்றன, ஆனால் நாடு முழுவதும். மார்ச் 6இல் எல்லா வங்கிகளையும் மூட ஆணையிட்டார். 9ஆம் நாள் அவசரச் சட்டம் நிறைவேறியது. 12ஆம் நாள் ஞாயிறு இரவு, ஏறத்தாழப் பதின்மூன்று நிமிடங்கள் வானொலியில் பேசினார். நீங்கள் போடும் பணத்தை வங்கி பெட்டகத்தில் பூட்டி வைப்பதில்லை, கடனாகவும் பத்திரங்களாகவும் முதலீடு செய்கிறது, அதனால்தான் எல்லோரும் ஒரே நாளில் கேட்டால் எந்த வங்கியாலும் தர இயலாது என்பதை முதலில் விளக்கினார். பிறகு, அமெரிக்க மைய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் வங்கிகள் உள்ள பன்னிரண்டு நகரங்களில் திங்களன்றும், வங்கிகள் தங்களுக்குள் காசோலைகளைத் தீர்த்துக்கொள்ளும் தீர்வகம் உள்ள நகரங்களில் செவ்வாயன்றும், ஏனைய ஊர்களில் புதன் முதலும் வங்கிகள் திறக்கும் என்றார். உங்கள் வங்கி முதல் நாளே திறக்காவிட்டால் அது திறக்கவே திறக்காது என்று எண்ண வேண்டாம் என்றும் சொன்னார். எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்த வாக்கியமே; வதந்தி பிறக்கும் இடத்தை அது முன்கூட்டியே அடைத்துவிட்டது.

திறந்த வங்கிகளில் மக்கள் பணத்தைத் திரும்பக் கொண்டுவந்து போட்டார்கள். மார்ச் 15இல் மீண்டும் திறந்த நியூயார்க் பங்குச் சந்தையில் டௌ ஜோன்ஸ் குறியீடு ஒரே நாளில் 15 சதவீதத்துக்கும் மேல் உயர்ந்தது. இதில் சட்டத்தின் பங்கும் பெரிது. முழுப் பெருமையையும் உரைக்கே தருவது நேர்மையாகாது.

என்னை ஏறக்குறைய மனம் மாற வைத்தவர் நேரு. 1948 ஜனவரி 30ஆம் நாள், காந்தியடிகள் சுடப்பட்ட சில மணி நேரத்துக்குள், எழுதி வைத்துக்கொள்ளாமல் பேசியவர், ஒளி அணைந்துவிட்டது என்று தாம் சொன்னதைத் தாமே தவறென்று திருத்திக்கொள்ளும் இடத்தில் இன்றும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. அந்தத் துயரிலும், மறுநாள் மாலை நான்கு மணிக்கு யமுனைக் கரையில் தகனம் நடக்கும் என்றும், வெளியூர்களில் இருப்போர் அந்நேரத்தில் ஆற்றங்கரைக்கோ கடற்கரைக்கோ சென்று வேண்டிக்கொள்ளலாம் என்றும் வழிசொன்னார். என் கேள்விக்கு அதுவும் விடைதான். ஆயினும் துக்கத்தைப் பகிர்ந்துகொள்ளும் உரையையும் அச்சத்தைப் போக்கும் உரையையும் ஒரே தராசில் வைக்க என்னால் இயலவில்லை.

கூட்டத்தில் ரூஸ்வெல்ட்டின் பதிவை நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். மகளிர் சுயஉதவிக் குழு ஒன்றின் கணக்கைப் பார்த்துவரும் ஓர் அம்மா, கிழமைகளைச் சொல்லும் பகுதியை மட்டும் இன்னொரு முறை போடச் சொன்னார்.