மிளகு சாஸ் பர்கர் வந்தாச்சு: எதை வாங்கலாம், எதை விடலாம்

சீனப் புத்தாண்டு நெருங்கினால் சிங்கப்பூர், மலேசியா மெக்டொனால்ட்ஸ் கடைகளில் பலகைகள் சிவப்புக்கும் தங்க நிறத்துக்கும் மாறிவிடும். ப்ராஸ்பெரிட்டி பர்கர் வந்தாச்சு என்று அர்த்தம். வருஷத்தில் சில வாரம்தான் கிடைக்கும். சரக்கு முன்பே தீர்ந்தால் அதோடு சரி. நீளவாக்கில் எள்ளுத் தூவிய பன், அதே வடிவத்தில் மாட்டிறைச்சி அல்லது கோழிப் பேட்டி (அரைத்த இறைச்சியைத் தட்டையாகத் தட்டிய துண்டு), அதை மூழ்கடித்த கருமிளகு சாஸ், மேலே நறுக்கிய வெள்ளை வெங்காயம். கூடவே சுருள் சுருளாக ட்விஸ்டர் ஃப்ரைஸ், பழச்சுவை சேர்த்த சோடா. சாலட் இலை, தக்காளி, சீஸ் எதுவும் கிடையாது.

இந்த மாதிரிச் சீசன் சரக்கை எடைபோட ஒரு கணக்கு உண்டு: இதில் நிஜமாகவே புதுசு எத்தனை? சில வாரத்துக்காக எந்தக் கடையும் புது அடுப்பு வாங்கிப் போடாது. பேட்டி வேகும் கல்லும் பொரிக்கும் எண்ணெய்ச் சட்டியும் சோடா வரும் குழாயும் எப்போதும் இருப்பவைதான். மாற்ற முடிந்தது சாஸ், பன், மேல்மாவு, சிரப். பல சீசன் பர்கர்களில் சாஸ் மட்டும்தான் மாறும். மற்றதெல்லாம் வழக்கமான கோழி பர்கர், பெயர் மட்டும் நீளம். ப்ராஸ்பெரிட்டியில் சாஸ், பன், பேட்டியின் வடிவம், உருளை நான்குமே மற்ற மாதங்களில் கிடைக்கும் செட்டிலிருந்து வேறு. கொடுக்கிற காசுக்கு அந்த வகையில் நியாயம் இருக்கிறது. பானம் பாதிதான் புதுசு, அதைப் பிறகு பார்ப்போம்.

சாஸில்தான் எல்லாமே இருக்கிறது. காபிக்கடை மேற்கத்திய உணவுக் கடையில் இரும்புத் தட்டில் சிக்கன் சாப் புகைய வருமே, அதன்மேல் ஊற்றும் கருமிளகு சாஸின் வம்சம் இது. கருமிளகு நண்டின் வெண்ணெய் வாசத்தை எதிர்பார்த்து வாங்காதீர்கள். இது இனிப்பும் உப்பும் கலந்து, வழவழவென்று, முடிவில் மெல்ல எரியும் ரகம். மிளகாய் நாக்கில் பட்டதும் சுரீர் என்னும். மிளகு தொண்டை தாண்டும்போதுதான் தன்னைக் காட்டும். முதல் இரண்டு வாய்க்கு "என்ன, காரமே இல்லை" என்று தோன்றினால் அவசரப்பட்டு மிளகாய் சாஸைப் பிழியாதீர்கள். நாலாவது வாயில் தெரியும்.

வாங்கும் நேரமும் முக்கியம். மிளகின் எரிப்பு பைப்பரின் என்ற பொருளால் வருவது. அது சூட்டில் லேசில் போகாது. வாசம் வருவது ஆவியாகும் எண்ணெய்களால். சூட்டிலேயே நிற்க நிற்க அவை பறந்துவிடும். ரசம் நுரைகட்டியதும் இறக்கு என்று வீட்டில் சொல்வார்களே, அதே கணக்கு. சூடாகவே வைத்திருக்கும் சாஸ் வெகுநேரம் கிடந்தால் காரம் நிற்கும், மணம் போயிருக்கும். அதனால் கூட்டம் இல்லாத மதியம் மூன்று, நான்கு மணியைவிட, சாஸ் வேகமாகச் செலவாகும் சாப்பாட்டு நேரமே இந்தப் பர்கருக்கு நல்லது. வரிசையில் பத்து நிமிஷம் நிற்க வேண்டியிருக்கும், நிற்கலாம்.

சாஸ் மாவுச்சத்தால் கெட்டிப்பட்டது. சூட்டில் ஓடும், ஆறினால் கஞ்சி போல இறுகி ஆடை கட்டும். சூடாக இருக்கும்போது ஒன்றாகக் கலந்து வரும் உப்பும் இனிப்பும் ஆறியபின் தனித்தனியாக நாக்கில் நிற்கும். தட்டு கைக்கு வந்த முதல் ஐந்து நிமிஷம்தான் இதன் பொற்காலம். படம் எடுப்பவர்கள் இரண்டு எடுத்துவிட்டு நிறுத்திக்கொள்ளலாம்.

வெங்காயம் பிடிக்காதவர்கள் அதை எடுத்துவிடச் சொல்வது வழக்கம். இங்கே அது தப்பு. மெத்தென்ற பன், மெத்தென்ற பேட்டி, குழம்பான சாஸ் மூன்றுக்கும் நடுவே கடிபடும் ஒரே பொருள் அந்த வெங்காயம்தான். சூடான பேட்டிமேல் கிடப்பதால் அடிப்பக்கம் லேசாக வதங்கி நெடி குறையும், மேல்பக்கம் நறுக்கென்று இருக்கும். வேண்டவே வேண்டாம் என்றால் பாதியாகப் போடச் சொல்லுங்கள். முழுக்க எடுத்தால் மிஞ்சுவது குழம்பில் ஊறிய ரொட்டி.

பன்னில் பார்க்க வேண்டியது அடிப்பாகம். மேல்பாகம் தடிமன், அடிப்பாகம் மெல்லிசு. சாஸ் முழுவதும் கீழே இறங்கி அந்த மெல்லிசில்தான் உட்காரும். வெட்டிய முகத்தைச் சுட்டுப் பொன்னிறமாக்கியிருந்தால் கொஞ்ச நேரம் தாங்கும். வெளிறி இருந்தால் பாதி சாப்பிடுவதற்குள் பிய்ந்து கையோடு வரும். ஒரு சின்ன வேலை செய்யலாம்: பர்கரைத் தலைகீழாகத் திருப்பி, எள்ளுப் பக்கம் கீழே இருக்கும்படி பிடியுங்கள். தடித்த பக்கம் சாஸை வாங்கிக்கொள்ளும். சுற்றி வந்த தாளை முழுதும் பிரிக்காமல், ஒரு முனையை மட்டும் திறந்து, மறுமுனையை மடித்து மூடிப் பிடித்தால் ஒழுகும் சாஸ் தாளுக்குள் தங்கும். வெள்ளைச் சட்டைக்காரர்களுக்கு இதைவிட நல்ல யோசனை இல்லை.

ஒரு பேட்டியா, இரண்டா? இரண்டு பேட்டி என்றால் இரண்டும் சாஸில் முங்கி வரும்; சாஸ் இரட்டிப்பு, பன் அதே அளவு. உட்கார்ந்து உடனே சாப்பிடுவதாக இருந்தால் இரண்டு எடுங்கள். பொட்டலம் என்றால் ஒன்றே போதும், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போய்க் கரண்டி தேட வேண்டியிருக்கும்.

மாட்டிறைச்சியா, கோழியா என்பதில் ருசியை மட்டும் பார்த்தால் மாட்டிறைச்சிதான். இவ்வளவு அழுத்தமான சாஸுக்கு எதிரே அதன் சுவை நின்று பேசும். கோழி சாஸுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். ஆனால் நம்மவர்கள் பலர் மாட்டிறைச்சி தொடுவதில்லை. அவர்கள் கல்லாவில் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இரண்டு பேட்டிக்கும் சாஸ் பாத்திரம் ஒன்றா, தனித்தனியா? பேட்டியைச் சாஸில் முக்கி எடுக்கும் பர்கர் என்பதால் இந்தக் கேள்வி மற்ற பர்கர்களைவிட இதற்குத்தான் அதிகம் பொருந்தும். கூச்சப்படாமல் கேளுங்கள், பதில் கடைக்குக் கடை மாறலாம். இரு நாட்டிலும் இந்தக் கடைகள் ஹலால் சான்றிதழ் பெற்றவை, பன்றி இறைச்சி கிடையாது. சீனப் புத்தாண்டுப் பண்டமாக இருந்தும் மலாய்க் குடும்பங்களும் இதற்கு வரிசையில் நிற்பது அதனால்தான்.

நம்மவர்களுக்கு இன்னொரு நாள்கணக்கும் உண்டு. சீனப் புத்தாண்டு அமாவாசையை ஒட்டி வருவது, தைப்பூசம் பௌர்ணமியில். அதனால் இரண்டும் ஏறக்குறைய இரண்டு வார இடைவெளியில், ஒன்று முன்னே ஒன்று பின்னே என்று வருகின்றன. 2025-இல் புத்தாண்டு ஜனவரி 29, பூசம் பிப்ரவரி 11. காவடிக்கு விரதம் இருந்தவர்கள் பூசம் முடித்து வருவதற்குள் பர்கர் மூட்டை கட்டும் கட்டம். 2026-இல் பூசம் பிப்ரவரி 1, புத்தாண்டு 17. விரதம் முடித்துவிட்டு நிதானமாகப் போக நேரம் இருந்தது. விரதக்காரர்கள் காலண்டரில் எது முந்துகிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

ட்விஸ்டர் ஃப்ரைஸ் பலருக்குப் பர்கரைவிடப் பெரிய காரணம். சாதா ஃப்ரைஸ் வெறும் உருளை. இதற்கு மசாலா கலந்த மெல்லிய மாவுப் பூச்சு உண்டு. அந்தப் பூச்சுதான் மொறுமொறுப்பைக் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்து வைக்கிறது. ஒரு சுருளை எடுத்துப் பாருங்கள்: வெளி வளையம் நன்றாகச் சிவந்து முறுகியிருக்கும்; உள்ளே ஒன்றோடொன்று நெருங்கிய மடிப்பு மாவாக, மெத்தென்று இருக்கும். பெரிய சுருள் பார்க்க அழகு, உடைந்த துண்டுதான் ருசி. பெட்டியின் அடியில் கிடக்கும் உடைசலில் உதிர்ந்த மசாலாவும் சேர்ந்திருப்பதால் கடைசி நாலு துண்டு கொஞ்சம் உப்பாக இருக்கும். அதையும் சேர்த்துத்தான் பலருக்குப் பிடிக்கிறது. பர்கர் பெட்டியில் சிந்திய மிளகு சாஸைத் தொட்டுக்கொள்ளத்தான் இந்தச் சுருள் பிறந்திருக்க வேண்டும். தக்காளி சாஸ் பொட்டலம் வீண்.

வீட்டுக்கு எடுத்துப் போனால் கெடுப்பது நேரத்தைவிட நீராவிதான். பையை இறுக மூடினால் உருளையின் ஆவி உருளைக்கே திரும்பும். பை வாயைத் திறந்து வையுங்கள், குளிர்பானத்தைத் தனிப் பையில் கேளுங்கள். ஆறிப்போன உருளையை மைக்ரோவேவில் வைத்தால் ரப்பர். ஏர் ஃப்ரையரில் ஒரே அடுக்காகப் பரப்பி 180 டிகிரியில் மூன்று நிமிஷம். இல்லாவிட்டால் தோசைக்கல்லில் எண்ணெய் விடாமல் மிதமான தீயில் இரண்டு மூன்று நிமிஷம் புரட்டுங்கள். பர்கரை அப்படியே சூடாக்காதீர்கள். பிரியுங்கள்: வெங்காயத்தை வழித்துத் தனியே வையுங்கள், பேட்டியைச் சாஸோடு கிண்ணத்தில் போட்டு ஒரு தேக்கரண்டி தண்ணீர் தெளித்து மூடி, மைக்ரோவேவில் 30 முதல் 40 விநாடி. பன்னை வெட்டுமுகம் கீழே இருக்க, கல்லில் ஒரு நிமிஷம். பிறகு மறுபடி அடுக்குங்கள். கடையில் உட்கார்ந்து சாப்பிட்டதில் முக்கால்வாசி திரும்பக் கிடைக்கும்.

பானத்துக்கு வருவோம். மெக்ஃபிஸ் என்ற பெயரில் வருஷத்துக்கு ஒரு பழம் மாறும். எந்தப் பழம் வந்தாலும் கோப்பைக்குள் நடப்பது ஒன்றுதான்: இனிப்பு சோடா, அதில் பழச் சிரப், பிறகு ஐஸ். சிரப் கனமானது, அடியில் தங்கும். கலக்காமல் உறிஞ்சினால் முதலில் வெறும் பாகு, முடிவில் தண்ணீர். வேகமாகக் கலக்கினால் வாயு பறந்துவிடும். உறிஞ்சுகுழலை அடிவரை விட்டு, மெதுவாக இரண்டு மூன்று முறை தூக்கி இறக்கினால் போதும். குழாயிலிருந்து சோடா ஏற்கெனவே குளிர்ந்தேதான் வரும். உடனே குடிப்பதானால் ஐஸைக் குறைக்கச் சொல்லலாம். வீட்டுக்கு வரவழைக்கும் ஆர்டரில் இந்தப் பானம் வேண்டாம். ஐஸ் கரைந்து, வாயு போய், வெறும் சர்க்கரைத் தண்ணீராக வந்து சேரும். மிளகு எரிப்புக்கு இனிப்பு சோடா ஓரளவு இதம் என்பதைத் தவிர இதில் சொல்ல ஒன்றுமில்லை. செட்டில் பானத்தை மாற்ற விட்டால் சர்க்கரை குறைந்த ஐஸ் தேநீர் இந்தச் சாஸுக்கு இன்னும் பொருத்தம்.

புதுசு எத்தனை என்று எண்ணும் கணக்கு மட்டும் போதாது என்பதை, சிங்கப்பூரில் 2017 ஜூலையில் வந்த நாசி லெமாக் (தேங்காய்ப்பாலில் வேகவைத்த சோறு) பர்கர் காட்டியது. விலை 5.95 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). தேங்காய்ச் சுவை ஏற்றிய கோழித் தொடைப் பேட்டி, பொரித்த முட்டை, வதக்கிய வெங்காயம், வெள்ளரி, சம்பல் (மிளகாய் விழுது), ரவை பன். துணைக்கு பண்டோங் மெக்ஃபிஸ், செண்டோல் (தேங்காய்ப்பால், பனைவெல்ல இனிப்பு) சுவையில் மெக்ஃப்ளரி ஐஸ்கிரீம், தேங்காய் பை (உள்ளே பூரணம் வைத்த pie). புதுசு ஏராளம், இரண்டு வாரத்துக்குள் விற்றும் தீர்ந்தது. ஆனால் நாசி என்றாலே சோறு. சோறு இல்லாமல் நாசி லெமாக் என்பது சாம்பார் இல்லாத சாம்பார் இட்லி. அதையாவது மன்னிக்கலாம், நெத்திலியும் வேர்க்கடலையும் இல்லாததுதான் பெரிய குறை. நாசி லெமாக்கில் கடிபடுவது அவைதான். பண்டோங்கும் அப்படித்தான்: நம் ரோஸ்மில்க்கின் சொந்தக்காரன், ரோஜாச் சிரப்பில் பால். பாலுக்குப் பதில் சோடா ஊற்றினால் வாசனை மட்டும் மிஞ்சும், கொழுப்பு போய்விடும். பெயரில் உள்ளூர்ப் பண்டம் ஏறி வரும் எந்தச் சீசன் சரக்கிலும் முதலில் தேட வேண்டியது, அந்தப் பண்டத்தின் மொறுமொறுப்பு உள்ளே வந்ததா என்பதை. ப்ராஸ்பெரிட்டி பர்கர் தப்பிப்பது, எந்தப் பண்டத்தின் பெயரையும் அது கடன் வாங்காததால்.

சீசன் முடியும் வாரத்தில் போகிறவர்கள் கல்லாவில் காசு கொடுக்கும் முன் ட்விஸ்டர் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். தீர்ந்துபோனால் அதே செட்டில் சாதா ஃப்ரைஸ் வந்து உட்கார்ந்திருக்கும். அப்படியானால் செட் வேண்டாம்; பர்கரைத் தனியாக வாங்கிக்கொண்டு, தண்ணீரோடு முடித்துக்கொள்ளலாம்.