மிரியாம்: ஒரு பெயர், நான்கு வேர்கள்

விவிலியத்தில் மோசேயின் அக்காவின் பெயர் மிரியாம். எபிரேயத்தில் இந்தப் பெயருக்கு நான்கே எழுத்து: மேம், ரேஷ், யோத், மேம். உயிர்க்குறி இல்லாமல் எழுதிவந்த மொழி என்பதால், எங்கே பிரிக்கிறோமோ அதற்கேற்பப் பொருள் மாறும். குழந்தைப் பெயர்ப் பட்டியல்கள் எல்லாப் பொருளையும் வரிசையாகப் போட்டுவிட்டு நழுவிவிடும். எல்லாம் ஒரே தரம் அல்ல.

அதிகம் பரவியது 'கசப்புக் கடல்': மார் (கசப்பு), யாம் (கடல்). இலக்கணத்தில் முதலில் சறுக்குவதும் இதுவே. எபிரேயத்தில் பெயரடை பின்னால் வரும்; 'யாம் மார்' என்றல்லவா இருக்க வேண்டும்? மார் என்றால் துளியும்கூட. ஏசாயா 40:15-இல் ஏற்றச்சாலில் தொங்கும் துளி அந்தச் சொல்தான். அதைக்கொண்டு விவிலியத்தை லத்தீனில் மொழிபெயர்த்த புனித ஜெரோம் 'ஸ்தில்லா மாரிஸ்', கடல் துளி, என்றார். பிரதியெடுத்ததில் ஓர் உயிரெழுத்து மாறி அது 'ஸ்தெல்லா மாரிஸ்', கடலின் விண்மீன், ஆனது என்பது பலர் ஏற்கும் விளக்கம். 1947-இல் தொடங்கிய சென்னைக் கல்லூரியின் பெயர் வரை அந்த விண்மீன் வந்துவிட்டது. எபிரேய மூலத்தில் விண்மீன் கிடையாது.

'கலகம்' என்ற பொருளுக்கு ஆதாரம் நெகேமியா 9:17. அங்குள்ள 'பெமிர்யாம்' (அவர்களுடைய கலகத்தில்) என்பதில் முன்னொட்டை நீக்கினால் இதே நான்கு எழுத்து. ஆனால் கிரேக்க மொழிபெயர்ப்பு அங்கே 'எகிப்தில்' என்கிறது; எபிரேயத்தில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். தவிர, பெற்ற மகளுக்கு 'அவர்களுடைய கலகம்' என்று யார் பெயர் வைப்பார்?

எகிப்திய 'மெரி' (அன்புக்குரிய) வரலாற்றோடு நன்றாகப் பொருந்துகிறது. மிரியாமின் தம்பி மோசேயின் பெயரும், ஆரோனின் பேரன் பினெகாசின் பெயரும் எகிப்திய வேருடையவை என்பதே பெரும்பாலோர் கருத்து. இடறுவது ஈறு: பெண்பாலுக்கு 'த்' வேண்டும், 'மெரித்-ஆமூன்' என்ற எகிப்தியப் பெண்பெயர் போல. பேச்சில் அது தேய்ந்துவிட்டது என்று சமாளிக்கலாம். கடைசி மகரம் எங்கிருந்து வந்தது என்பதற்குத்தான் பதில் இல்லை.

ஒலியளவில் வலுவானது 'உயரம்'. 1929 முதல் சிரியாவின் ராஸ் ஷம்ராவில் கிடைத்த, உகாரித் என்ற பழைய நகரத்தின் களிமண் பலகைகளில் 'ம்-ர்-ய்-ம்' என்ற சொல், பாகால் என்ற கானானியக் கடவுளின் சபோன் மலையுச்சியைக் குறிக்கிறது. எபிரேய 'மாரோம்' (உயரம்) இதன் உறவு. நான்கு மெய்யும் நேராகப் பொருந்துவதால் முதல் இடம் இதற்கு; எகிப்திய வேருக்கு அடுத்தது.

வடிவத்தைத் தேர்வதானால், 'மிரியாம்' என்பது, எபிரேய விவிலியத்துக்குப் பின்னாளில் உயிர்க்குறியிட்ட யூத அறிஞர்களான மசோரெத்தியர் குறித்த உயிரொலி. கிரேக்க 'மரியாம்', அரபு 'மர்யம்' இரண்டும் பழைய அகரத்தைக் காக்கின்றன. தமிழ் விவிலியத்தில் மோசேயின் அக்கா மிரியாம், இயேசுவின் தாய் மரியாள். மூலத்தில் இருவருக்கும் பெயர் ஒன்றே.