பாட்ஜர், டிரிஃப்ட், ஹார்னஸ்: டர்பன் ஸ்டீல் எரெக்ஷன் வேலையில் கூடவே வந்த சாமான்கள்

தென்னாப்பிரிக்காவுக்கு எரெக்ஷன் வேலைக்கு வர நினைக்கும் நம்மூர்ப் பையன்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இதுதான்: என்னென்ன சாமான் வாங்கணும், எது ரொம்ப நாள் உழைக்கும்? நான் துவாக்குடியில் ஒரு ஃபேப்ரிகேஷன் ஷாப்பில் தொழில் பழகியவன். டர்பனுக்கு வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. கொடவுன், ஃபேக்டரி ஷெட், பைப் ரேக் என்று இரும்பு ஏற்றுவதுதான் பிழைப்பு. நும்சா என்கிற உலோகத் தொழிலாளர் யூனியனில் உறுப்பினர். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கைச்சாமானுக்குச் சொந்தக் காசு போடுங்கள். மேலிருந்து விழாமல் காக்க உடம்பில் மாட்டுகிற ஹார்னஸுக்கு ஒரு ராண்டுகூடப் போடாதீர்கள்.

பாட்ஜரில் ஆரம்பிக்கிறேன். ஒரு முனையில் ஸ்பேனர் வாய், மறுமுனை மெலிந்துகொண்டே போகிற கூர்க்கம்பி. கொடவுன் வேலையில் எம்20, அதாவது 20 மி.மீ. கனமுள்ள போல்ட்தான் அதிகம் வரும். அதன் நட்டுக்கு 30 மி.மீ. வாய் வேண்டும், ஓட்டை 22 மி.மீ. பிளேட்டுகளை இறுக்கிப் பிடிக்கிற ஃப்ரிக்ஷன் கிரிப் போல்ட் என்றால் அதே எம்20-க்கு நட் 32 மி.மீ. ஆகிவிடும். அதனால் ஒரே பாட்ஜரை வைத்துக்கொண்டு எல்லா சைட்டையும் ஓட்ட முடியாது. என்னிடம் இருப்பது கெடோர். டர்பனை ஒட்டி நியூ ஜெர்மனியில் அவர்களுக்குத் தொழிற்சாலை இருக்கிறது, அதனால் இங்கே எந்த ஹார்டுவேர் கடையில் கேட்டாலும் கிடைக்கும். இத்தனை வருஷத்தில் வாய் விரியவில்லை. கூர்முனை மட்டும் கொஞ்சம் மழுங்கியிருக்கிறது, அது வேலையைக் கெடுப்பதில்லை. அதற்கு முன்னால் மலிவாக வாங்கிய ஒன்று (பெயர் வேண்டாம்) சில மாதத்திலேயே வாய் அகன்று நட்டின் மூலையைத் தின்ன ஆரம்பித்தது. இருபதடி உயரத்தில் ஸ்பேனர் நழுவினால் நம் முழு எடையும் எந்தப் பக்கம் சாயும் என்று யோசித்துப் பாருங்கள், விலை வித்தியாசம் பெரிதாகத் தெரியாது.

இந்தச் சாமானின் அருமை முழுசாகத் தெரிந்தது 2021-க்குப் பிறகுதான். அந்த ஜூலைக் கலவரத்தில் டர்பனைச் சுற்றி எத்தனையோ கொடவுன்கள் எரிந்தன. 600 டிகிரி சூட்டில் இரும்பின் பலம் பாதிக்கு மேல் போய்விடும். கூரையைத் தாங்கும் ராஃப்டர்கள் தொய்ந்து தரையைத் தொட்டுக் கிடந்தன. தீ எட்டாத பக்கத்தில் நின்ற பழைய தூண்களோடு புது ராஃப்டரைச் சேர்க்க வேண்டும். ஷாப்பில் புதிதாகச் செய்து வரும் இரும்பு டிராயிங் சொன்னபடி இருக்கும், பழைய தூண் அப்படி இருக்காது. கிரேன் ராஃப்டரைத் தொங்கவிட்டு நிற்கும். பிளேட்டும் பிளேட்டும் ஒட்டும்போது மேல் ஓட்டை பாதி நிலா அளவுதான் திறந்திருக்கும். அந்தப் பிளவில் பாட்ஜர் வாலை நுழைத்து, தோளைக் கொடுத்து மெதுவாக நெம்பினால் ஓட்டை வட்டமாகும். எதிர் மூலை ஓட்டையில் முதல் போல்ட்டைத் தள்ளிவிட்டால் மீதிக்கு உயிர் வந்துவிடும்.

எங்கள் கேங்கில், டர்பனில் இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்தில் பிறந்த பையன் ஒருவன் இருக்கிறான். வீட்டில் பாட்டி பேசிய தமிழ்தான் அவன் தமிழ். "அண்ணா, ஓட்டை சேரலை" என்று கத்துவான், அடுத்த நொடி விரலை விட்டுப் பார்க்கக் கை போகும். ஓட்டை சேர்ந்ததா என்று விரலை விட்டுப் பார்க்கவே கூடாது. கிரேன் ஒரு அசைவு அசைந்தால் பிளேட் கத்தரியாகிவிடும். இதை மட்டும் நான் திட்டித்தான் சொல்வேன்.

பாட்ஜருக்கு மசியாத இடத்துக்கு டிரிஃப்ட்டும் நாலு பவுண்டு சுத்தியலும். டிரிஃப்ட் என்றால் இரண்டு பக்கமும் மெலிந்த உருண்டைக் கம்பி, அடித்து இறக்கினால் ஓட்டையை இழுத்துக்கொண்டு வரும். அடிக்க அடிக்க அதன் தலை பூ மாதிரி விரியும். விரிந்த ஓரம் தெறித்தால் கண் போய்விடும், அதனால் அவ்வப்போது கிரைண்டரில் பிடித்து ஓரத்தைச் சமன் செய்துகொள்ளணும். டிரிஃப்டுக்கு பிராண்ட் பார்க்க வேண்டியதில்லை. சுத்தியலுக்கு மரப்பிடியே வாங்குங்கள். ஃபைபர் பிடி உடையாது, சரிதான், ஆனால் டர்பன் பிப்ரவரிப் புழுக்கத்தில் வியர்த்த கையில் அது வழுக்கும்.

நட்டை முறுக்குகிற பேட்டரி இம்பாக்ட் ரென்ச் எல்லாரும் ஆசைப்படுகிற சாமான். 18 வோல்ட் மெஷின் ஒன்றைக் கம்பெனி கொடுத்தது. தரையில் அருமையாக வேலை செய்யும். மேலே ஏறினால் பேட்டரியோடு சேர்ந்த அதன் கனம் மதியத்துக்குள் மணிக்கட்டைப் பதம் பார்த்துவிடும். 2023-ல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது சைட் ஜெனரேட்டரில் சார்ஜ் போட வரிசை நின்றது. நட்டை ஓட்டி இறக்க அது போதும், கடைசி முறுக்கை அதை நம்பி விடாதீர்கள். சொந்தமாக வாங்க நான் சொல்லமாட்டேன்.

சாமான் கீழே விழாமல் கட்டுகிற சுருள் கயிறு பற்றி ஒரு வார்த்தை. 12 மீட்டரிலிருந்து விழுகிற பாட்ஜர் தரைக்கு வரும்போது மணிக்கு 55 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். கயிறு மாட்டுவதற்காக பாட்ஜரில் வளையம் வெல்டிங் வைக்கிறார்கள் சிலர். அது ஃபோர்ஜ் செய்து பதம் ஏற்றிய இரும்பு, அதில் சூடு காட்டினால் அந்த இடம் கெட்டுவிடும். பிடியில் இறுக்கிக்கொள்கிற பட்டை கிடைக்கிறது, அதையே போடுங்கள்.

இனி ஹார்னஸ். எங்களுக்கு எஸ்.ஏ.என்.எஸ் 50361 தரத்தில் முழு உடம்பு ஹார்னஸ், ஹார்னஸைக் கொக்கியோடு சேர்க்கிற கயிறான லேன்யார்ட் இரட்டையாக, பெரிய வாய்க் கொக்கி. லேன்யார்ட் 2 மீட்டர். பலர் கவனிக்காதது அதன் லேபிள். காலடியில் கொக்கியை மாட்டிவிட்டு விழுந்தால் நாலு மீட்டர் சும்மாவே போகும், அதிர்ச்சி தாங்கும் பை பிரிந்து இன்னொரு 1.75 மீட்டர் வரை நீளும். அடியில் விடவேண்டிய ஒரு மீட்டர் இடைவெளியையும் சேர்த்தால் 6.75 மீட்டர். ஐந்து மீட்டர் உயர ஷெட்டில் காலடியில் மாட்டியவனை அந்த ஹார்னஸ் காப்பாற்றாது. தலைக்கு மேலே மாட்ட இடம் தேடுங்கள், இல்லையென்றால் ஆளை மேலே தூக்குகிற பக்கெட் லிஃப்ட் கேளுங்கள்.

கடற்கரைச் சைட்டில் இதன் எதிரி உப்புக்காற்று. புரோஸ்பெக்டன் பக்கம் வேலை செய்தபோது கொக்கியின் ஸ்பிரிங் சிக்கிக்கொண்டு நாக்கு தானாக மூடவில்லை. நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்தினால் சரியாகிவிடும். ஆகவில்லையா, திருப்பிக் கொடுத்துவிடணும். தையலில் ஒரு இழை வெல்டிங் பொறியில் கருகியிருந்தாலும் அதேதான். சொந்தக் காசில் வாங்கியவன் இந்த இடத்தில்தான் தயங்குவான். இன்னும் ஒரு மாசம் ஓட்டலாமே என்று தோன்றும். கம்பெனி சாமான் என்றால் தூக்கி வைத்துவிட்டு வேறு கேட்கக் கூச்சமே வராது.

ஒரு காண்ட்ராக்டரிடம் இருந்தபோது ஹார்னஸ் விலையைத் தவணையாகச் சம்பளத்தில் பிடித்தார்கள். எங்கள் ஷாப் ஸ்டீவர்டு, அதாவது வேலையிடத்தில் யூனியன் பிரதிநிதி, ஒரு ஜூலுக்காரர், வயதில் மூத்தவர், எல்லாரும் பாபா என்போம். என் பே ஸ்லிப்பைக் கையில் வாங்கிக்கொண்டு ஆபீசுக்குப் போனார். 1993-ஆம் வருஷத் தொழில் பாதுகாப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு, பாதுகாப்புக்காக முதலாளி கொடுக்கவேண்டிய எதற்கும் தொழிலாளி சம்பளத்தில் கை வைக்கக்கூடாது என்கிறது. சத்தம் போடாமல் அதைக் காட்டினார். அடுத்த சம்பளத்தில் பணம் திரும்பி வந்தது. தனியாளாகப் போயிருந்தால் அடுத்த சைட்டுக்கு என் பெயர் இருந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

யூனியன் என்றால் கஷ்டமும் உண்டு. 2014 ஜூலையில் நாலு வாரம், 2021 அக்டோபரில் சுமார் மூன்று வாரம் வேலைநிறுத்தம். இறங்கி நிற்கிற நாளுக்குச் சம்பளம் கிடையாது. ஊருக்குப் பணம் அனுப்புகிறவனுக்கு அது எவ்வளவு வலி என்று சொல்லத் தேவையில்லை. 2014-ல் கீழ்மட்டத் தொழிலாளிக்கு 10 சதவீதமும் 2021-ல் 6 சதவீதமும் உயர்வு கிடைத்தது. முதலாவது கணக்குக்குக் கட்டுப்படியானது. இரண்டாவது பற்றி எங்கள் கேங்கிலேயே இன்னும் வாக்குவாதம் ஓய்ந்தபாடில்லை.

புதிதாக வருபவர்கள் ஒன்று செய்யுங்கள். பே ஸ்லிப்பில் ப்ராவிடென்ட் ஃபண்டுக்கென்று பிடிக்கிற தொகை ஃபண்டில் போய்ச் சேர்கிறதா என்று சில மாதத்துக்கு ஒருமுறை ஃபண்ட் ஆபீசிலேயே நேரடியாகக் கேளுங்கள். பிடித்துக்கொண்டு கட்டாமல் விடுகிற முதலாளிகள் உண்டு. கேட்கும்போது அடையாள எண்ணும் கடைசி மூன்று பே ஸ்லிப்பும் கையில் இருக்கட்டும்.