ஆஃப் சீசன் மால்டா: ஒரே ஏஜென்சி, இரண்டு தடவை

மதிப்பெண் ஐந்துக்கு மூன்றரை. முதல் தடவை போய் வந்த கையோடு எழுதியிருந்தால் இரண்டுதான் கொடுத்திருப்பேன்.

தி.நகரில் ஒரு பாத்திரக் கடைக்கு மேல், முதல் மாடியில் இருக்கும் டிராவல் ஏஜென்சி இது. பெயர் போடவில்லை. அங்கே இருக்கும் தம்பி நல்ல பிள்ளை, அவன் பிழைப்பில் கை வைக்க மனமில்லை. மாதம் பார்க்காமல் பேக்கேஜ் விற்பது இந்த ஒரு கடையில் மட்டும் நடக்கிற காரியமும் இல்லை.

நான், வீட்டுக்காரர், என் அக்கா என்று மூன்று பேர். மூவருக்கும் அறுபதை ஒட்டிய வயது. முப்பத்திரண்டு வருடம் கணக்குப் பிரிவில் வேலை பார்த்ததால் எங்கே போனாலும் ஒரு நோட்டில் செலவு, நேரம், வெயில், மழை எல்லாவற்றையும் எழுதி வைக்கிற பழக்கம் எனக்கு. கீழே சொல்வதெல்லாம் அந்த நோட்டிலிருந்துதான்.

மால்டாவைத் தேர்ந்தெடுத்தது அக்கா. மத்தியதரைக் கடலில் ஒரு தீவு வேண்டும், ஆனால் ஊர் ஊராகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலையக் கூடாது என்றாள். பெரிய தீவின் நீளமே 27 கிலோமீட்டர்தான், ஏறக்குறைய தாம்பரத்திலிருந்து பீச் ஸ்டேஷன். ஆங்கிலம் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று. வண்டிகள் நம் ஊர் போல இடது பக்கம் ஓடுகின்றன, அதனால் சாலையைக் கடக்கும்போது தலையை எந்தப் பக்கம் திருப்புவது என்று குழம்ப வேண்டாம். பிளக் மட்டும் பிரிட்டிஷ் மாடல், தட்டை மூன்று முனை. அடாப்டர் வாங்கிக்கொண்டு போக வேண்டும்.

"ஆஃப் சீசன்ல போங்க மேடம், பாதி விலை" என்றான் தம்பி. பாதி எல்லாம் இல்லை. ஜூலைக்கு அவன் சொன்னது தலைக்கு 1,85,000, ஜனவரிக்கு 1,24,000. மூன்றில் ஒரு பங்கு குறைவு, அதுவும் பெரிய பணம்தானே. சரி என்று 2023 நவம்பரில் முன்பணம் கட்டினோம்.

விசா விஷயத்தில் இவர்களுக்கு முழு மதிப்பெண். எந்தக் காகிதம் எந்த வரிசையில், வங்கிக் கணக்கு எத்தனை மாதத்துக்கு, முப்பதாயிரம் யூரோவுக்கான மருத்துவக் காப்பீட்டுத் தாள் எங்கே என்று எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் கோத்துக் கொடுத்தார்கள். விசா மையத்தில் எங்களுக்கு முன்னால் நின்றவர் மூன்று முறை வெளியே போய் ஜெராக்ஸ் எடுத்து வந்தார், நாங்கள் இருபது நிமிடத்தில் முடித்துவிட்டோம். மிக்ஜாம் புயலில் மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்தபோது பாஸ்போர்ட் மூன்றும் அங்கே பத்திரமாக இருந்தன. வீட்டிலிருந்திருந்தால் பீரோவின் கீழ்த்தட்டில் இருந்திருக்கும். சொல்லவே பயமாக இருக்கிறது.

பொங்கல் முடிந்து 2024 ஜனவரி 20 அன்று கிளம்பினோம். சென்னையிலிருந்து நேரடி விமானம் கிடையாது. துபாய் போய், அங்கிருந்து ஏறியது வழியில் சைப்ரஸில் லார்னகாவில் நின்று, அப்புறம்தான் மால்டா. போய்ச் சேர்ந்தபோது மூவருக்கும் கால் வீங்கியிருந்தது.

இனி குறை. ஏஜென்சி அச்சடித்துக் கொடுத்த பயணத் திட்டத்தில் இரண்டாம் நாள், "மாலை 7 மணி: சூரிய அஸ்தமனப் படகுப் பயணம்". ஜனவரி கடைசியில் அங்கே மாலை ஐந்தேகாலுக்கெல்லாம் சூரியன் போய்விடும். ஏழு மணிக்கு நாங்கள் ஹோட்டலில் கம்பளிக்குள் இருந்தோம். மூன்றாம் நாள், "கோமினோ தீவின் நீலக் குளத்தில் நீந்தி மகிழலாம்". குளம் என்றால் புளூ லகூன், கடல்தான். ஜனவரியில் கடல் நீர் 15, 16 டிகிரி. ஃபிரிட்ஜில் வைத்த பாட்டிலை மேஜையில் எடுத்து வைத்து அரை மணி கழித்துத் தொட்டுப் பாருங்கள், அந்தச் சூடு. அதுவும் படகு போனால்தானே? காற்று அடித்த அடியில் ஐந்து நாளும் கோமினோவுக்குப் படகு இல்லை. ஆறாம் நாள் ஒருவழியாக கோசோ தீவுக்கு கார் ஏற்றுகிற பெரிய படகு கிடைத்தது. அதில் இருபத்தைந்து நிமிடம்தான் பயணம், அதற்குள் வீட்டுக்காரர் இரண்டு தடவை வாந்தி எடுத்தார். ஜூலைக்கு அடித்த தாளில் தேதியை மட்டும் மாற்றி எங்கள் கையில் கொடுத்திருக்கிறார்கள், வேறொன்றுமில்லை.

அறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மால்டாவில் எங்கே பார்த்தாலும் தேன் நிறச் சுண்ணாம்புக்கல் கட்டடங்கள்தான். வெயிலில் தங்கம் மாதிரி ஜொலிக்கும், போட்டோவுக்கு அவ்வளவு அழகு. குளிர்காலத்தில் அந்தக் கல் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்கிறது. வெளியே 15 டிகிரி என்றால் உள்ளே அதைவிடக் குளிர்கிற மாதிரி இருக்கும். ஏ.சி. பெட்டியையே சூடான காற்றுக்கு மாற்றி ஓட்டுகிறார்கள். அது கூரைக்குப் பக்கத்தில் மட்டும் சூடாக்கும், தரை பனிக்கட்டி. வீட்டுக்காரர் முதல் நாள் இரவு வேட்டியை அலசி பால்கனியில் போட்டார். மறுநாள் ஈரம். அதற்கு மறுநாளும் ஈரம், கூடவே ஒரு புழுங்கல் வாடை. மூன்றாம் நாள் தலைமுடி உலர்த்துகிற டிரையரை வைத்து வேட்டியின் கரையிலிருந்து தொடங்கி முழம் முழமாகக் காய வைத்தேன். முக்கால் மணி நேரம். அதன் பிறகு ஒரு வாரமும் பேன்ட்தான்.

இவ்வளவு சொல்லிவிட்டு ஜனவரி மோசம் என்று தள்ளிவிட்டால் அது நியாயமில்லை. தலைநகர் வலேட்டாவில் புனித யோவான் பேராலயத்தில் இத்தாலிய ஓவியர் கரவாஜ்ஜோ 1608-ல் வரைந்த யோவானின் தலை துண்டிப்பு ஓவியம் இருக்கிறது. ஒரு சுவர் முழுக்க நிற்கிற படம். அதன் முன்னால் கால் மணி நேரம் நாங்கள் மூன்று பேர் மட்டும் நின்றோம். அக்கா கடைசி வரை வாயைத் திறக்கவில்லை, அது அவளிடம் அபூர்வம். அப்புறம் வயல்கள். ஜனவரியில் தீவு முழுக்கப் பச்சை, கல்சுவர்களுக்கு நடுவில் எலுமிச்சை மஞ்சளில் ஒரு பூ தரையே தெரியாமல் பூத்துக் கிடந்தது. அக்கா குனிந்து ஒரு தண்டைக் கிள்ளி, முகர்ந்து, நான் தடுப்பதற்குள் வாயில் போட்டுவிட்டாள். "புளியாரைடி! இலையைப் பாரு, அதே மூணு இதழ். நம்மூர்ல தொட்டி ஓரத்துல முளைக்குமே, அதோட பெரியக்கா." அவள் சொன்னது சரிதான். அதே இனம், தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்து தீவைப் பிடித்துக்கொண்ட செடி. வெயில் ஏறினால் இது காய்ந்துவிடும், கோடையில் போகிறவர்களுக்குக் கிடைக்காது.

எங்களை விமான நிலையத்துக்குக் கூட்டிப் போன டிரைவர் வயதானவர். படகு கிடைக்காத கதையைச் சொன்னதும் சிரித்துவிட்டு, புனித பவுலுக்கே கிடைக்கவில்லையே என்றார். கைதியாக ரோமுக்குப் போகிற வழியில் கப்பல் உடைந்து மால்டாவில் ஒதுங்கியவர், மூன்று மாதம் காத்திருந்து குளிர்காலம் கழிந்த பிறகுதான் வேறு கப்பல் ஏறினார் என்று பைபிளிலேயே இருக்கிறதாம். பிப்ரவரி 10 அந்தக் கப்பல் உடைந்த நாளுக்குத் திருவிழா. நமக்குப் பரங்கிமலையில் தோமையார் என்றால் அவர்களுக்குப் பவுல்.

திரும்பி வந்ததும் நோட்டை எடுத்துக்கொண்டு நேரே தி.நகர். தம்பி பணம் எதுவும் திருப்பித் தரவில்லை. ஆனால் காபி வாங்கிக் கொடுத்து முழுதாகக் கேட்டுக்கொண்டான், அடுத்த முறை சர்வீஸ் சார்ஜ் வேண்டாம் என்றான். வாக்கைக் காப்பாற்றவும் செய்தான்.

அடுத்த முறைக்கு மாதத்தை நானே பார்த்தேன். ஐரோப்பாக்காரர்கள் எழுதுவதைப் படித்தால் ஆஃப் சீசன் என்றாலே அக்டோபர் என்கிறார்கள். கோடை முழுக்கச் சூடேறிய கடல் மெதுவாகத்தான் ஆறும், அக்டோபரிலும் 23, 24 டிகிரி இருக்கும், நீந்தலாம், கூட்டமும் குறைந்துவிடும் என்பது அவர்கள் கணக்கு. கணக்கு சரி, நமக்கு ஒத்து வராது. முதலாவது, அக்டோபரில் அக்காவுக்குக் கொலு. அடுத்தது, மால்டாவுக்கும் மழைக்காலம் அப்போதுதான் தொடங்கும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை இடியோடு கொட்டும். மடிப்பாக்கத்தில் தரைத்தளத்தில் குடியிருக்கிற எவளும் ஐப்பசி, கார்த்திகையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு இன்னொரு மழையைப் பார்க்கப் போக மாட்டாள். டிசம்பரில் சபா கச்சேரியை விட்டு அக்காவை நகர்த்த முடியாது. எல்லாவற்றுக்கும் மேலே, நாம் என்ன நீந்தவா போகிறோம்? பெசன்ட் நகரில் ஐம்பது வருடமாகக் கால் நனைக்கிறேன், முழங்காலுக்கு மேல் ஒரு நாள் போனதில்லை. கால் நனைக்கிறவளுக்குக் கடல் எத்தனை டிகிரி என்பது பெரிய விஷயமே இல்லை. காற்று எப்படி, வெளிச்சம் எத்தனை மணி வரை, மழை உண்டா, படகு ஓடுமா, இது நாலும்தான் கேள்வி. நாலுக்கும் பதில் ஏப்ரல் கடைசி.

அதில் ஒரு கண்ணி இருக்கிறது, ஈஸ்டர். அது கத்தோலிக்க நாடு. புனித வெள்ளி ஊர்வலங்களைப் பார்க்கவே கூட்டம் வரும், அறை வாடகை ஏறிவிடும். தேதியும் வருடா வருடம் மாறும். 2024-ல் மார்ச் 31, 2025-ல் ஏப்ரல் 20. அதனால் ஈஸ்டர் முடிந்து நாலு நாள் விட்டு, 2025 ஏப்ரல் 24 என்று நான் தேதி சொன்னேன். தலைக்கு 1,46,000 ஆனது. ஜனவரியைவிட 22,000 அதிகம். விசா கட்டணமே 2024 ஜூனிலிருந்து 80 யூரோவிலிருந்து 90 ஆகிவிட்டது. நம் பள்ளி விடுமுறை தொடங்குகிற நேரம் என்பதால் விமான டிக்கெட்டும் ஏறும். பிப்ரவரியிலேயே போட்டுவிட வேண்டும், மார்ச்சுக்குப் பிறகு விசா மையத்தில் தேதி கிடைப்பதே கஷ்டம்.

இங்கே மாடித் தொட்டித் தண்ணீரில் கை வைக்க முடியாத நாளில் அங்கே பகலில் 20 டிகிரி. காலையில் ஒரு ஸ்வெட்டர், பத்து மணிக்கு அதைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்ளலாம். ஒரு துளி மழை இல்லை. கோமினோவுக்குப் படகு போயிற்று. நீலக் குளத்தில் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முழங்கால் வரை நின்றோம். ஐயோ, சில்லென்றுதான் இருந்தது, நாலு நிமிடம் போதும். அந்தத் தண்ணீரின் நிறத்தை எழுத்தில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. வேட்டி ஒரே இரவில் காய்ந்தது.

ரபாத் ஊரில் பஸ்திட்சி சாப்பிடுங்கள். பஃப்ஸ் மாதிரி, ஆனால் இன்னும் மெல்லிய ஏடு, கையில் எடுத்தால் உதிரும். ரிக்கோட்டா சீஸ் வைத்தது ஒன்று, பட்டாணி வைத்தது ஒன்று. நாங்கள் போனபோது விலை ஒரு யூரோவைத் தொடவில்லை. பட்டாணியில் லேசாகக் கறிப்பொடி வாசனை வந்தது. அக்கா சைவம், மாவில் என்ன கொழுப்பு சேர்த்தீர்கள் என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் வாயில் வைத்தாள். அப்புறம் மூன்று சாப்பிட்டாள். அன்று 26-ம் தேதி, போப் பிரான்சிஸின் இறுதிச் சடங்கு நாள். கடையில் எல்லோரும் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு டிவியைப் பார்த்தபடி நின்றார்கள்.

ஏஜென்சியிடம் இரண்டு தடவையும் மாறாத குறை ஒன்று உண்டு. ஹல் சஃப்லியெனி என்று நிலத்துக்கு அடியில் பாறையைக் குடைந்த, ஐயாயிரம் வருடத்துக்கும் பழைய இடம் இருக்கிறது. ஒரு நாளைக்கு எண்பது பேரைத்தான் உள்ளே விடுகிறார்கள். பல வாரம் முன்னாலேயே டிக்கெட் எடுக்க வேண்டும், சீசனாவது ஆஃப் சீசனாவது. முதல் தடவை அதைப் பற்றி மூச்சு விடவில்லை. இரண்டாம் தடவை நான் நினைவுபடுத்தியும் "அங்க போய்ப் பாத்துக்கலாம் மேடம்" என்று விட்டுவிட்டான். கிடைக்கவில்லை. அதற்குத்தான் ஒரு மதிப்பெண் முழுசாகக் குறைத்தேன். இந்த ஒன்றை மட்டும் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

பாக்கி அரை மதிப்பெண் அந்தத் தாளுக்கு. இவ்வளவு சொல்லியும் இரண்டாம் தடவையும் அதே தாள்தான் கொடுத்தார்கள், ஒரு எழுத்து மாறவில்லை. இரண்டாம் நாள், மாலை 7 மணி, சூரிய அஸ்தமனப் படகுப் பயணம். ஸ்லீமா படகுத்துறைக்கு ஆறே முக்காலுக்குப் போனோம். ஏழுக்குப் படகு எடுத்தான். ஏழு நாற்பதுக்கு வலேட்டாவின் கோட்டைச் சுவருக்குப் பின்னால் சூரியன் இறங்கியது.

வீட்டுக்காரர் என் கையிலிருந்த தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "பாத்தியா, கரெக்டாத்தான் போட்டிருக்கான்" என்றார்.