‘ராண்டம் லேசர் இழை’ விற்பவரிடம் கவனம்

சேலம், நாமக்கல், ஈரோடு வட்டாரக் கல்லூரிகளின் இயற்பியல் துறையினர் கவனத்துக்கு. லேசர் ஆய்வுக்கான ஒளியிழை தருவதாகச் சொல்லி ஒரு விற்பனையாளர் துறை துறையாக ஏறி இறங்குகிறார். பெயரை இங்கே எழுதவில்லை. விலைப்பட்டியலைப் பார்த்தாலே தெரிந்துவிடும்: ‘ராண்டம் லேசருக்கென்றே தயாரான எர்பியம் இழை’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார். வழக்கமான லேசரில் ஒளியை முன்னும் பின்னும் திருப்பும் ஆடிகள் (கண்ணாடிகள்) இருக்கும்; அவை இல்லாமல் ஒளிச் சிதறலைக் கொண்டே இயங்குவது ராண்டம் லேசர். எர்பியம் என்பது ஒளியைப் பெருக்க இழையில் கலக்கும் ஓர் அருமண் தனிமம்.

எங்கள் முதுகலை மாணவர்களின் ஆய்வுக்காக அதை வாங்கினோம், முழுப் பணமும் முன்கூட்டியே கொடுத்து. சாதாரணத் தொலைத்தொடர்பு இழைக்குக் கிலோமீட்டர் கணக்கில் விலை. எர்பியம் கலந்ததற்கு மீட்டர் கணக்கில். அனுப்பியது முன்னது, வசூலித்தது பின்னதன் விலை.

முதலில் சந்தேகப்பட்டது ஐந்து ரோடு பக்கம் பிராட்பேண்ட் கேபிள் வேலை பார்க்கும் ஒரு தம்பி. இழைகளை ஒட்ட அவருடைய ஸ்பிளைசிங் இயந்திரத்தைத்தான் இரவல் வாங்குவோம். ஒட்டிய இடத்தில் ஒளியிழப்பு வெறும் 0.02 டெசிபெல், அதாவது அரை சதவீதத்துக்கும் குறைவு என்று காட்டியது. “மேடம், நான் தினமும் ஒட்டும் இழை போலவே இதுவும் சேர்கிறதே” என்றார். எர்பியம் இழையின் உள்ளகம், அதாவது ஒளி செல்லும் நடுப்பகுதி, பொதுவாகச் சிறியது. சாதாரண இழையோடு அவ்வளவு சமர்த்தாக ஒட்டிக்கொள்ளாது.

பிறகு அளந்தோம். கூட வந்த தாளில், 1530 நானோமீட்டர் அலைநீள ஒளியை மீட்டருக்கு 7 டெசிபெல் உறிஞ்சும் என்று இருந்தது. அப்படியானால் பத்து மீட்டரில் 70 டெசிபெல். உள்ளே விடும் மெல்லிய ஒளியில் கோடியில் ஒரு பங்குதான் வெளியே வர வேண்டும். எங்களுக்கு ஏறக்குறைய முழுவதும் வந்தது. இழைக்கு ஆற்றல் ஊட்டும் 980 நானோமீட்டர் பம்ப் லேசரைச் செலுத்தினால் எர்பியம் இழை இருட்டில் பச்சையாக ஒளிரும். இது ஒளிரவே இல்லை.

தொலைபேசியில் அவர் சொன்ன பதில்தான் என்னை எழுத வைத்தது. “ராண்டம் லேசரில் ஆடியே தேவையில்லை, ஒளியும் ஏறி இறங்கும், சாதாரணச் சோதனை இதற்குப் பொருந்தாது.” பாதி உண்மை, அதனால்தான் ஆபத்து. இந்த லேசரில் ஆடிகளின் வேலையை இழை நெடுகிலும் நிகழும் ராலே சிதறல் (கண்ணாடியின் நுண்ணிய சீரின்மையால் ஒளி சிதறுவது) செய்கிறது. 2010-இல் இதைச் செய்து காட்டியவர்கள் 83 கிலோமீட்டர் சாதாரண இழையையே பயன்படுத்தினார்கள். ஆனால் அங்கே ஒளியைப் பெருக்கியது, பம்ப் ஒளியின் ஆற்றலை வேறு அலைநீளத்துக்கு மாற்றும் ராமன் சிதறல்; பம்ப் ஒளி வாட் கணக்கில் வேண்டும். அவர் தந்த சின்னச் சுருள் அதற்கும் உதவாது. நாங்கள் கேட்டது எர்பியம். சிதறல் எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும், எர்பியம் அயனி இருந்தால் உறிஞ்சியே தீரும். இதைச் சொன்னதும், சுருளைப் பிரித்துவிட்டதால் திரும்ப எடுக்க முடியாது என்று வைத்துவிட்டார்.

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளியை உரைத்துப் பார்ப்பதுபோல இதற்கும் ஓர் உரைகல் உண்டு. கேபிள்காரர்களிடம் இருக்கும் 1310, 1550 நானோமீட்டர் ஒளிமூலமும் பவர் மீட்டரும் போதும். எர்பியம் இருந்தால் 1310 பெரும்பாலும் கடந்து வரும். 1550 பத்து மீட்டருக்குள் ஏறக்குறைய அணைந்துவிடும். இரண்டும் ஒன்றுபோல வந்தால் அது வெறும் இழை.

இப்போது அவர், எர்பியம்போலவே இழையில் கலக்கும் இன்னொரு தனிமமான இட்டெர்பியம் சேர்ந்த இழைக்கு விலைப்பட்டியல் அனுப்பிக்கொண்டிருக்கிறார். அதற்கு இந்தச் சோதனை பயன்படாது. இட்டெர்பியம் 1550-ஐ உறிஞ்சாது, 976-இல்தான் பலமாக உறிஞ்சும். அந்த அலைநீளத்தில் உங்கள் கண்முன் அளந்து காட்டச் சொல்லுங்கள். பணம் அதற்குப் பிறகு.