கிராட்டிட்யூட் ஜர்னல்: கஷ்ட காலத்தில் வாங்கலாமா?

கிராட்டிட்யூட் ஜர்னல் என்பது, அன்றன்று நன்றியோடு நினைக்கத் தோன்றும் விஷயங்களை எழுதி வைக்கும் நோட்டு. ஆன்லைனிலும் பெரிய ஸ்டேஷனரி கடைகளிலும் கிடைப்பவை பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. ஏ5 அளவு, கெட்டி அட்டை, நாளுக்கு ஒரு பக்கம், காலைக்கு மூன்று வரி, இரவுக்கு மூன்று வரி, மேலே ஒரு பொன்மொழி. எல்லாம் ஓரளவு சரியாகப் போகும் நாட்களில் இது போதும். வேலை போன பிறகோ, ஆஸ்பத்திரியில் ஒருவருக்குத் துணைக்கு இருக்கும்போதோ, வீட்டில் ஒரு சாவு நடந்த பிறகோ இதே பக்கம் எப்படி வேலை செய்கிறது என்பதுதான் இங்கே கேள்வி.

பெரிய குறை, எழுத இடம் இல்லாதது. மூன்று விஷயம் கேட்டுவிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிதான் விடுகிறார்கள். அந்த வரியில் "குடும்பம்", "சாப்பாடு", "உயிரோடு இருப்பது" என்றுதான் எழுத முடியும். நாலாம் நாளே அதே மூன்றும் திரும்ப வரும். கை எழுதும், மனம் அதில் இருக்காது. உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன் குழுவினர் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பிரிவினர் ஒரு வாரம் தினமும் இரவில் நல்லபடியாக நடந்த மூன்று விஷயங்களை எழுதினார்கள்; ஒவ்வொன்றும் ஏன் நடந்தது என்பதையும் சேர்த்து எழுதினார்கள். அவர்களுக்கு ஆறு மாதம் வரை மனச்சோர்வு அறிகுறிகள் குறைவாக இருந்தன. கடையில் விற்கும் ஜர்னலில் அந்த "ஏன்" எழுதத்தான் இடம் கிடையாது.

வித்தியாசம் எவ்வளவு என்று பாருங்கள். "இரவு சாப்பாடு கிடைத்தது" என்பது ஒரு வரி. "கீழ்வீட்டு அக்கா தூக்குச்சட்டியில் ரசமும் சாதமும் வைத்துவிட்டுப் போயிருந்தார். ஆஸ்பத்திரியில் இருந்து வர ஒன்பது மணி ஆகும் என்று காலையிலேயே கேட்டு வைத்திருந்தார்" என்பது மூன்று நாலு வரி. இரண்டாவதில் ஒரு ஆள் இருக்கிறார், அவர் நமக்காக யோசித்தது இருக்கிறது. யாரும் நம்மைக் கவனிக்கவில்லை என்று தோன்றும் வாரத்தில் தேவைப்படுவது இதுதான்.

அடுத்தது தேதி. முன்கூட்டியே தேதி அச்சிட்டதை இந்த நேரத்தில் வாங்கவே வேண்டாம். ஐசியூ வாசலில் கழிந்த ஐந்து நாளும் வெற்றுப் பக்கங்களாக நிற்கும். அதைப் பார்த்ததும் இதையும் ஒழுங்காகச் செய்யவில்லையே என்ற குற்ற உணர்வு வரும். நோட்டு மூலைக்குப் போகும். தினமும் எழுதியே ஆகவேண்டும் என்பதும் இல்லை. உளவியலாளர் சோன்யா லியூபோமிர்ஸ்கி குழுவினர் ஆறு வாரம் சோதித்தபோது, வாரத்துக்கு ஒரு முறை எழுதியவர்களுக்குத்தான் பலன் தெரிந்தது, மூன்று முறை எழுதியவர்களுக்கு அல்ல.

"இன்று உன்னைச் சிரிக்க வைத்தது எது?" போன்ற அச்சுக் கேள்விகள் துக்கத்தில் இருப்பவரைக் குத்தும். கஷ்டத்தை எழுத ஒரு வரிகூட விடாத பக்கம், அதை மறைக்கச் சொல்வது போலத்தான் இருக்கும்.

பேப்பர் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. பேப்பரின் கனம் 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 80 கிராம்) இருந்தால் ஜெல் பேனா மறுபக்கம் ஊறாது. மடியில் வைத்து எழுத கெட்டி அட்டை வசதி. பைண்டிங் மட்டும் பாருங்கள்: வெறும் பசை ஒட்டியது விரித்து வைத்தால் நிற்காது, தையல் போட்டது நிற்கும்.

ஆனாலும், ஒரு சாதாரண கோடு போட்ட நோட்டே இதைவிட நன்றாக உழைக்கும். பக்கத்தின் மேலே தேதியை நீங்களே போடுங்கள். முதல் வரியில் அன்றைய கஷ்டத்தை உள்ளபடி எழுதுங்கள்: "ஸ்கேன் ரிப்போர்ட் நல்லதாக வரவில்லை." அதன் கீழே மூன்று விஷயம், ஒவ்வொன்றுக்கும் ஐந்து வரி. என்ன நடந்தது, யாரால், ஏன். மூன்று வராவிட்டால் ஒன்று போதும். முதல் வாரம் தினமும் இரவில் பத்து நிமிடம், பிறகு வாரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு முறை. கடைசிப் பத்துப் பக்கங்களைக் கடிதத்துக்கு ஒதுக்குங்கள். உதவியவருக்கு எழுதி, நேரில் போய் வாசித்துக் காட்டலாம். மேலே சொன்ன 2005 ஆய்வில் உடனடியாக அதிகப் பலன் தந்தது அதுதான், ஆனால் சில மாதங்களில் தேய்ந்துவிட்டது.

எழுதும்போது மூன்று இடத்தில் தடம் மாறும். "நல்லவேளை, அவங்களுக்கு வந்த கஷ்டம் நமக்கு வரலை" என்பது நன்றி அல்ல, ஒப்பீடு. அடுத்த கெட்ட செய்தியில் உடைந்துபோகும். உதவியை எழுதும்போதே இதை எப்படித் திருப்பிச் செய்வது என்று கணக்குப் போட ஆரம்பித்தால், அந்தப் பக்கம் கடன் நோட்டாகிவிடும். செய்தவரின் மனதை எழுதுங்கள், செலவை அல்ல. மூன்றாவதுதான் ஆபத்தானது: அடிப்பவரிடமும் அவமானப்படுத்துபவரிடமும் நல்லது தேடி எழுதவே கூடாது. அங்கே தேவை வெளி உதவி.

மருந்துக்குப் பதிலாக இதை வாங்காதீர்கள். 27 ஆய்வுகளைத் தொகுத்து 2021-இல் வெளியான அலசலில், மனச்சோர்வு, பதற்றம் இரண்டிலும் இந்தப் பயிற்சியின் பலன் சிறியது என்றே தெரிந்தது. தூக்கமும் பசியும் இரண்டு வாரமாகக் கெட்டிருந்தாலும், வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும், டாக்டரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ்: 14416. இலவசம், தமிழிலும் பேசலாம்.

பரிசாகக் கொடுப்பதானால், துக்கம் நடந்த வீட்டுக்கு முதல் மாதத்தில் இதை எடுத்துப் போகாதீர்கள். சமைத்த சாப்பாடு கொண்டு போங்கள். நோட்டை அவர்களே கேட்கும்போது கொடுக்கலாம், தேதி இல்லாததாக.