நுவரெலியா ரேஸுக்குக் கூட்டிப்போகிறோம் என்பவர்களிடம் காசு கொடுக்காதீர்கள், என் 85,000 ரூபா போய்விட்டது

பதினொரு நாள் ஆகிறது. இன்னும் இரவில் தூக்கம் வருவதில்லை. 85,000 ரூபா. பழைய சோனகத் தெருவில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்கிற எனக்கு அது ஒரு மாதச் சம்பளத்தை விடக் கூட. அதில் 40,000 புதுவருடத்துக்கு முதலாளி கொடுத்த போனஸ். மீதி 45,000 மனைவி மாதாமாதம் கட்டி எடுத்த சீட்டுக் காசு. மகளின் ஓ.எல். பரீட்சை டியூஷனுக்கென்று அலமாரியில் வைத்திருந்தது. இன்னொரு குடும்பத்துக்கு இப்படி நடக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

நான் பந்தயம் கட்டப் போகிற கடையின் பெயரைப் போடவில்லை. கொழும்பில் இருக்கிற புக்கிகளில், அதாவது குதிரைப் பந்தயக் கடைகளில் ஒன்று, அவ்வளவுதான். சுவரில் வரிசையாக டிவி, இங்கிலாந்து ரேஸ் நேரடியாக ஓடும். அங்கே பகல் இரண்டு மணி ரேஸ் என்றால் இந்த மாதங்களில் இங்கே மாலை ஆறரை. வேலை விட்டு வருகிறவனுக்குத் தோதான நேரம். இரண்டு வருஷமாக வாரத்தில் ஒரு நாள் போவேன், 200 அல்லது 300 கட்டுவேன், அதற்கு மேல் இல்லை. வென்றால் உடனே எண்ணிக் கொடுப்பார்கள். ஒரு முறை 4,800 விழுந்தது, ஐந்து நிமிஷத்தில் கையில் வந்தது. அதனால்தான் நம்பினேன். சின்னக் காசை ஒழுங்காகக் கொடுப்பவன் பெரிய காசையும் கொடுப்பான் என்று நினைத்துவிட்டேன்.

ஏப்ரலில் அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் ஒரு அறிவிப்பு வந்தது. நுவரெலியா சீசன் ரேஸுக்கு வான் போகிறது, கிராண்ட்ஸ்டாண்ட் டிக்கெட், பகல் சாப்பாடு, எல்லாம் சேர்த்து ஆளுக்கு 10,000. எனக்கு இது பழைய ஆசை. என் தாத்தா கொழும்பு ரேஸ்கோர்ஸில் குதிரை பார்த்தவர். 1893இல் கட்டிய மைதானம் அது. யுத்த காலத்தில் அதை விமான ஓடுதளமாக்கினார்கள், 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்ட அன்று ஹரிக்கேன் விமானங்கள் அங்கிருந்தும் எழும்பின. தாத்தா இந்தக் கதையெல்லாம் சொல்லிச் சொல்லி வளர்த்தார். இப்போது அங்கே ரக்பி விளையாடுகிறார்கள், பழைய ஸ்டாண்டில் கடைகள் இருக்கின்றன. குதிரை ஓடுவதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் நுவரெலியாவுக்குத்தான் போக வேண்டும். 1875இலிருந்து இருக்கிற மைதானம். கவர்னர்ஸ் கப், குவீன்ஸ் கப் என்று பேப்பரில் படித்திருக்கிறேனே தவிர ஒரு நாளும் போனதில்லை. சரி, ஒரு தரமாவது போய்விட்டு வருவோம் என்று 10,000 கட்டினேன்.

விடிய இரண்டரைக்குக் கொட்டாஞ்சேனையில் ஏறினோம். வானில் பன்னிரண்டு பேர். கூட வந்த பொடியனுக்கு முப்பது வயதிருக்கும், கடையில் அடிக்கடி பார்த்த முகம். கித்துல்கலையில் தேத்தண்ணிக்கு நிறுத்தினான். எல்லாருக்கும் அவனே காசு கொடுத்தான். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "மகளுக்கு இந்த வருஷம்தானே ஓ.எல். அண்ணே?" என்று கேட்டான். நான் எப்போதோ கடையில் சொன்னதை ஞாபகம் வைத்திருக்கிறான்! அந்த ஒரு கேள்வியில் நான் விழுந்தேன். அப்புறம் மெதுவாகச் சொன்னான்: "உள்ளே சனம் அண்ணே, பொக்கட் அடிக்கிறவன் எல்லாம் வருவான். பந்தயக் காசை எங்களிட்ட தாங்க, நாங்க கட்டி துண்டு தாறோம். எங்க ரேட் கூட நல்லது. வென்றால் அங்கேயே கையில காசு."

கொண்டு போனது 75,000. வீட்டில் அவ்வளவையும் கட்டச் சொல்லவில்லை, நானும் அவ்வளவையும் கட்ட நினைத்துப் போகவில்லை. ஆனால் அவன் பேசப் பேச, மூன்று ரேஸுக்கு 25,000 படி கட்டலாம் என்று ஆகிவிட்டது. கித்துல்கலைத் தேத்தண்ணிக் கடை பெஞ்சில் வைத்து எண்ணிக் கொடுத்தேன். இருட்டு, கீழே ஆற்றுச் சத்தம். அவன் இரண்டு தரம் எண்ணிவிட்டு, "சரியா அண்ணே?" என்று கேட்டு ரப்பர் முத்திரை குத்திய மூன்று துண்டு கொடுத்தான். துண்டில் கடைப் பெயர் இல்லை, என் பெயர் இல்லை. தொகையும் ரேஸ் இலக்கமும் பந்தய வகையும் மட்டும்தான். அதை நான் பார்க்கவே இல்லை.

நுவரெலியாவில் முதல் பொய் வாசலிலேயே வந்தது. கிராண்ட்ஸ்டாண்ட் டிக்கெட் இல்லை, "முடிஞ்சு போச்சு" என்றான். கம்பி ஓரத்தில் சனத்தோடு நின்றோம். பகல் சாப்பாடு ஆளுக்கு ஒரு ரோல்ஸும் தண்ணீர்ப் போத்தலும். பனியும் குளிரும், பின்னேரம் மழையும். அதையெல்லாம் பெரிதாக எடுக்கவில்லை. குதிரைகள் வளைவைத் திரும்பி நேரே வரும்போது நிலம் அதிர்வதைக் காலில் உணர்ந்தேன். தாத்தா சொன்னது பொய்யில்லை.

முதல் ரேஸில் என் குதிரை தோற்றது. சரி, பந்தயம் என்றால் அப்படித்தான். இரண்டாவதில் நான் கேட்டது பிளேஸ். முதல் மூன்றுக்குள் வந்தால் போதும். குதிரை மூன்றாவதாக வந்தது. துண்டைக் காட்டினேன், "அண்ணே, இதில வின் என்றுதானே இருக்கு" என்றான். பார்த்தால் உண்மையிலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறான். மூன்றாவது ரேஸில் ஐந்தாம் இலக்கக் குதிரை, மூன்றுக்கு ஒன்று. கடைசி நூறு மீட்டரில் முன்னே வந்து வென்றது. 25,000க்கு 75,000, கட்டிய காசோடு ஒரு இலட்சம். பக்கத்தில் நின்ற ஆளைக் கட்டிப் பிடித்துவிட்டேன்.

"பொறுங்க அண்ணே, ஜொக்கியை நிறுத்துப் பார்த்த பிறகுதான் காசு" என்றான். அது உண்மை, ஓட்டம் முடிந்து ஜொக்கியின் எடையைச் சரிபார்த்த பிறகுதான் முடிவு உறுதியாகும். காத்திருந்தேன். கால் மணித்தியாலம் கழித்து வந்து, "ஒப்ஜெக்‌ஷன் போட்டிருக்கிறாங்க, விசாரிக்கிறாங்க" என்றான். முடிவை எதிர்த்து யாரோ முறையிட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதையும் நம்பினேன். அரை மணித்தியாலத்தில் அவன் ஆளே இல்லை. போன் ஓஃப். வேறு ஒருவரிடம் கேட்டேன், அந்த ரேஸுக்கு ஒப்ஜெக்‌ஷனே இல்லை, முடிவை எப்போதோ ஸ்பீக்கரில் சொல்லிவிட்டார்கள், மைதானத்துக் கவுண்டரில் கட்டியவர்கள் காசை வாங்கிவிட்டார்கள் என்றார். கவுண்டர் நான் நின்ற இடத்திலிருந்து ஐம்பது அடி கூட இல்லை. ஐம்பது அடி! நான் போய் என் கையால் கட்டியிருக்கலாம்.

திரும்பி வரும்போது அவர்கள் பக்கத்தில் வானில் இருந்தது டிரைவர் மட்டும். அவர் வாடகைக்கு வந்தவர், பாவம், அவரைக் குற்றம் சொல்லவில்லை.

அப்புறம் தொடங்கியது அலைச்சல். முதல் நாள் கடைக்குப் போனேன். "கணக்குப் பார்க்கிறவர் வருஷத்துக்கு ஊருக்குப் போயிட்டார், வெள்ளி வாங்க." வெள்ளி போனேன். கவுண்டரில் இருந்த பிள்ளை தலையைக் கூட நிமிர்த்தவில்லை, "அங்கிள், நாளைக்கு முதலாளி வருவார்." மறுநாள் அந்த முதலாளி என்பவர் துண்டை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எங்க துண்டு இல்லையே. அந்தப் பொடியன் எங்க ஆளும் இல்லை. வான் ட்ரிப் அவன் தனியா போட்டது" என்றார். இரண்டு வருஷமாக உங்கள் கவுண்டருக்குப் பின்னால் நின்றவன் உங்கள் ஆள் இல்லையா? வாட்ஸ்அப் குழு உங்களுடையது இல்லையா? இதைக் கேட்டபோது கடைசியில் டிவி சத்தத்தைக் கூட்டினார்கள். அன்றிரவே என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். பொலிஸில் முறைப்பாடு எடுத்துக்கொண்டார்கள், ஆனால் துண்டில் பெயர் எங்கே, கடை எங்கே என்று கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

கிடைக்க வேண்டிய ஒரு இலட்சத்தைப் பற்றி நான் இப்போது பேசவே இல்லை. கையிலிருந்து போன 85,000ஐத்தான் கேட்கிறேன். மனைவி ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. டியூஷன் மாஸ்டரிடம் அவளே போய் இரண்டு மாதத் தவணை கேட்டிருக்கிறாள்.

என்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. ரேஸுக்குப் போனால் மைதானத்துக்குள் இருக்கிற கவுண்டரில் உங்கள் கையால் கட்டுங்கள். துண்டில் கடைப் பெயர், குதிரை இலக்கம், வின்னா பிளேஸா, எல்லாம் இருக்கிறதா என்று அங்கேயே நின்று படியுங்கள். படம் எடுத்து வையுங்கள். ஒப்ஜெக்‌ஷன் என்று யாராவது சொன்னால் ஸ்பீக்கரைக் கேளுங்கள், அவனைக் கேட்காதீர்கள். பிள்ளைகளின் காசைக் கொண்டு போகாதீர்கள்.

அந்த வானில் வந்த மற்றப் பதினொரு பேரில் யாராவது இதைப் பார்த்தால், துண்டைக் கிழித்துப் போடாதீர்கள். வருகிற வியாழன் பின்னேரம் ஐந்தரைக்கு, டிவியில் ரேஸ் தொடங்க முன்னம், நான் திரும்ப அந்தக் கடைக்குப் போகிறேன். தனியாகப் போனால் விரட்டுகிறார்கள். நீங்களும் வாருங்கள்.